மலைப்பனைக்கு வைத்த உப்பு

அந்த மரத்துக்குத் திருச்சியில் பெயர் கிடையாது. சகாயம்மாள் அம்மா மலைப்பனை என்றார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகினேன். மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் அவர்கள் வீட்டு முற்றத்தின் கிழக்கு மூலையில் அது நின்றது.

நான் அங்கே தோட்டவேலைக்குப் போனது ஐம்பத்தெட்டாம் வருஷம். அதற்கு முந்தின வருஷம் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைத் தோப்பு ஒன்றில் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. இருபத்து மூன்று வருஷம் மரமேறினவன் தரையில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி இருக்கும் என்பது ஏறினவனுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் வாசலிலிருந்து பார்த்தபோது, சின்னப் பெண் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன். இடுப்பளவு உயரம். அடியிலிருந்து கழுத்து வரைக்கும் பழுப்பு முடி, எண்ணெய் காணாத முடி, கொத்துக் கொத்தாகச் சுற்றிக் கிடந்தது. மேலே பனைக்கு இருப்பதுபோல விசிறி ஓலை, ஆனால் பனையின் முரட்டுத்தனம் இல்லை. மட்டை ஓரத்துப் பல் கையைக் கிழிக்காது, பூனை நக்கினதுபோல உரசும். ஓலை நுனியெல்லாம் வெயிலில் கருகியிருந்தது.

"இது என்னா மரங்கம்மா?"

"குன்னூர்லேர்ந்து வந்தது. குளிர்ல வளர்ற பனை. உங்க தென்னை மேல பனி உறைஞ்சா ஒரே வாரத்துல செத்துப்போயிடும். இது பனிக்குள்ள புதைஞ்சு நின்னாலும் சாகாது."

"அப்ப இங்க எதுக்குங்க நிக்குது?"

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அம்மாவின் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் ஐயா மலை ரயிலில் கார்டாக இருந்தவர். ஒரே மகள் லூர்துராணி. ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், ஒன்பது வயதில், மார்புச்சளியில் மூச்சு முட்டிப் போய்விட்டாள். குன்னூரிலேயே அடக்கம். கல்லறையின் கால்மாட்டில் ஐயா விரல் நீளக் கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருஷத்தில் அது தொடை உயரம் வந்தது, அவ்வளவு மெதுவான சாதி. ஐயாவுக்கு ரிடையர் ஆகி ஊருக்குக் கிளம்பும்போது, பிள்ளையை அங்கே தனியாக விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனம் வரவில்லை. கன்றை மண்ணோடு பெயர்த்து, மரப்பெட்டியில் வைத்து, கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

"எந்த மண்ணோடங்கம்மா?" என்று கேட்டேன்.

"அவ மேல கிடந்த மண்ணுதான்."

அன்றைக்கு நான் எத்தனை தடவை கை கழுவினேன் என்று கணக்கில்லை. ஆறு மாதமாக அந்த மண்ணைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்கு வருவதற்கு முன்பே ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், வெள்ளை தெரியும், ஆள் தெரியாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மரத்தடியில் மண்டியிட்டு, தரையிலிருந்து குருத்தின் நுனி வரைக்கும் சாண் போட்டு அளப்பார்கள். பிறகு எழுந்து, தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டுவார்கள்.

"போறப்ப ராணி இந்த உசரம். இது அந்த உசரம் வர்ற வரைக்கும் நான் இருக்கணும் பிச்சை. மாதாகிட்ட அதைத்தான் கேட்டிருக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

திருச்சி வெயிலில் அது எங்கே வளர? சித்திரை வந்தால் குருத்து விரியவே பயப்படும். அதனால் தினமும் ஐஸ். பாலக்கரையில் அப்துல் ரஹீம் பாயின் ஐஸ் டிப்போவில் அரைப் பாளம் வாங்கி, மரத்தூள் போட்ட சாக்கில் சுற்றி, வெயில் ஏறுவதற்கு முன்னால் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி அடுக்க வேண்டும். மேலே கீற்றுப்பந்தல்.

"வாங்க மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டிக்கு இன்னைக்கு என்னா வேணும், ஐஸா சர்பத்தா?" என்பார் பாய்.

"சும்மா இருங்க பாய். மரத்துக்கு."

"மீனுக்கு ஐஸ் வைக்கிறான், சரி. மய்யித்துக்கு வைக்கிறான், சரி. மரத்துக்கு வைக்கிறவரை நான் இந்த டிப்போவுல இப்பத்தான் பாக்குறேன். அது செத்துடுச்சாப்பா, இல்ல இனிமேத்தான் சாகப்போவுதா?"

சொல்லிவிட்டுப் பாளத்தின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டி, உடைந்த துண்டையும் சாக்கில் போட்டுவிடுவார்.

உச்சிப்பொழுதில் நான் அந்த மூலைக்குப் போக மாட்டேன். அம்மா ஒரு முக்காலியைப் போட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். பேசுவார்கள். நிறுத்துவார்கள். எதிராளி பேசி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருக்கிறவர்களைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுபடி பேசுவார்கள். ஊரே அனலாய் அடிக்கும்போது அந்த மூலையிலிருந்து மட்டும் குளிர் வரும். ஐஸ்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஐஸ் கரைந்த பிறகும் வரும்.

அறுபத்தொன்றில் மரம் நன்றாக வந்திருந்தது. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. ஆவணி நடுவில் அம்மா வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். பத்து நாள்.

"பாத்துக்க பிச்சை."

"என் கையில விட்டுட்டுப் போங்கம்மா."

மூன்றாம் நாள் மரத்தடியில் கொம்பு வண்டு ஒன்று மல்லாக்கக் கிடந்தது. தென்னைக்காரனுக்கு அது எமன். குருத்தைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டால் மரம் மொட்டைதான். அதற்கு எங்கள் கைவசம் ஒரே வைத்தியம்: மழைக்கு முன்னால் நார்ப் பன்னாடையை உரித்து, மட்டை இடுக்கைச் சுரண்டி, கல் உப்பும் சாம்பலும் ஆற்று மணலும் கலந்து குருத்தைச் சுற்றி அடைத்துவிடுவது. வண்டு அண்டாது, தென்னையும் உப்பைத் தின்று கொழுக்கும். பிச்சை உப்பு வைத்த மரம் காய்க்காமல் போனதில்லை என்று ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் பேச்சு உண்டு.

மூன்று வருஷமாக அந்த முடியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. மட்டை கழிக்காத மரம் எங்களுக்குக் குளிக்காத பிள்ளை மாதிரி. கத்தியை எடுத்தேன். ஒவ்வொரு சுற்றாக அறுத்து உரித்தேன். அத்தனை முடிக்கும் உள்ளே மரம் என் முழங்கை தடிமன்தான் இருந்தது, வெளுத்துப்போய், ஈரமாய். ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. துண்டை எடுத்துப் போர்த்தலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு உப்பு. ஒரு படி உப்பு. அம்மா வரும்போது அந்தப் பாக்கிச் சாணும் வளர்ந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தேன்.

அம்மா நேர்த்திக்கடனுக்குத் தலையை மழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வந்த செருப்போடு மரத்தடிக்குத்தான் போனார்கள். கை மரத்தில் பட்டதும் நின்றது. மேலும் கீழும் தடவினார்கள்.

"உனக்கும் மொட்டையா?" என்றார்கள், மரத்தைப் பார்த்து. "நான் அங்க கொடுத்தேன், நீ இங்க கொடுத்துட்டியா?"

விரல் மேலே ஏறிக் குருத்தைத் தொட்டது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்கள்.

"பிச்சை, பனி விழுந்திருக்கு."

"அம்மா..."

"வெள்ளை தெரியுதுப்பா எனக்கு. குன்னூர்ல தை மாசம் விடியக்காலம் இப்படித்தான் ஓலை இடுக்குல உறைஞ்சு கிடக்கும். ராணி வழிச்சு வாயில போட்டுக்குவா, அவங்கப்பா சத்தம் போடுவாரு." ஒரு விரலை நாக்கில் வைத்தார்கள். பிறகு மெதுவாக, "அழுதிருக்கா. பத்து நாள் தனியா விட்டுட்டுப் போனேன்ல," என்றார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உப்பு அது, நான் வைத்தது என்று.

அன்று மாலையே குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். உப்பு இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. புரட்டாசி பிறந்ததும் வாடை வந்தது, அழுகின வாழைத்தண்டு வாடை. குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அடி நுனி கறுத்துக் குழைந்திருந்தது.

புளியை வெட்டினால் பத்துக் கிளை வெடிக்கும். பனைச் சாதிக்கு உயிர் ஒரே இடத்தில். அங்கே போய்விட்டால் கீழ் ஓலை ஐந்தாறு மாதம் பச்சையாகவே நிற்கும், பார்ப்பவனுக்குத் தெரியாது, ஏறினவனுக்குத் தெரியும். என் கையில் இருந்தது பிணம்.

அம்மா உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் குருத்தைத் திரும்ப அதே ஓட்டையில் சொருகி வைத்தேன்.

நாலு நாளில் அது காய்ந்து சாய ஆரம்பித்தது. வேறு குருத்து வேண்டும். ஸ்ரீரங்கத்தில் எல்லாம் தென்னை, அந்த ஓலை சீப்பு மாதிரி இருக்கும், கையால் தடவினாலே தெரிந்துவிடும். விசிறி ஓலைக்குப் பனங்கன்று வேண்டும். காட்டில் நிற்கிற கன்றுக்கெல்லாம் சொந்தக்காரன் இருக்கிறான். எங்கள் ஊர் திருவெள்ளறையில் ஏரிக்கு மேற்கே ஒரு மேடு இருக்கிறது. குழந்தைகள் செத்தால் அங்கேதான் புதைப்போம். அங்கே தானாக முளைத்த பனங்கன்றுகளை யாரும் தொடுவதில்லை, கேட்கிறவனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துறையூர் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

எங்கள் மயிலும் அந்த மேட்டில்தான் கிடக்கிறது. மயிலம்மாள் என்று பெயர் வைத்தோம். நாற்பத்தொன்பதில் அம்மை வார்த்துப் போனபோது நாலு வயது. எந்த இடம் என்று அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை, அப்படி வைக்கிற வழக்கமும் இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு போய், கைக்குக் கிடைத்த கன்றில் குருத்தை அறுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அமிர்தம் பிடித்துக்கொண்டாள். அவள் என் பெண்சாதி.

"சுத்தி அத்தனை தோப்பு இருக்கு, பனங்குருத்துக்குத் துறையூர் பஸ்ஸுல போறீங்களா? எவளைப் பாக்கப் போனீங்க?"

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு எவளைப் பாக்குறது? வேலைக்கு வேணும்டி."

"எங்க அறுத்தீங்க?"

"மேட்டுல."

குருத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்துபோவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

குருத்தின் அடியைச் சீவி, களிமண் வைத்து மரத்தின் ஓட்டையில் இறக்கினேன். அசையாமல் நின்றது. அடுத்த ஞாயிறு இன்னொன்று, முந்தினதைவிட நாலு விரல் நீளமாக. அக்டோபர் முதல் வெள்ளி அம்மா அளந்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார்கள். எழுந்து மார்பில் கையை வைத்தார்கள். குருத்தின் நுனி அந்தக் கையில் முட்டியது.

"வந்துட்டா," என்றார்கள்.

நான் செய்தது வேலை செய்துவிட்டது என்று ஒரு வாரம் திமிராகக்கூட இருந்தேன். பிறகுதான் அம்மா ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவை பக்கத்து வீட்டுக்குப் போனது. ஐயாவின் கடிகாரம் கோயிலுக்குப் போனது. டாக்டர் கொடுத்த மாத்திரை முற்றத்துச் சாக்கடையில் கரைந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு தம்ளர் காப்பி, அவ்வளவுதான் ஆகாரம்.

"சாப்பிடுங்கம்மா."

"எதுக்குப்பா? அந்த உசரம் வரைக்கும்தான் கேட்டேன். மாதா கொடுத்துட்டா. இனிமே இருக்கிறது பேராசை."

ஐப்பசிக்குள் கை எலும்பு தெரிந்தது. மத்தியானப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. குரல் இறங்கி, காற்றுப்போல ஆகிவிட்டது. நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பேன். செத்த மரத்தில் சொருகின ஓலையோடு உயிருள்ள மனுஷி பேசுகிறார்கள். அந்த ஓலை காற்றில்லாத நேரத்தில் ஆடுவதை என் கண்ணால் பார்த்தேன். களிமண் இளகியிருக்கும் என்று மறுநாள் இறுக்கி அடித்தேன். அதற்கப்புறமும் ஆடியது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். குன்னூருக்குப் போக வழியில்லாததால் அம்மா மரத்தடியில்தான் மெழுகுவர்த்தி வைப்பார்கள். பூசையிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். நான் வர்த்தியை ஏற்றிக் கையில் கொடுத்தேன். வர்த்தி சாய்ந்து மெழுகு புறங்கையில் வழிந்தது. சுட்டது தெரியவில்லை அவர்களுக்கு.

"ராணி, வர்றேன்மா. ரொம்ப நாள் ஆகாது," என்றார்கள்.

என்னால் முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அது செத்துப்போச்சுங்க."

"எது?"

"மரம். அன்னைக்கு நீங்க தொட்டது பனி இல்லீங்க, உப்பு. வண்டுக்குப் பயந்து தென்னைக்கு வைக்கிறாப்ல வச்சேன். குருத்து அழுகிடுச்சு. இப்ப நிக்கிறது நான் சொருகினது. பனங்குருத்து. வாராவாரம் மாத்துறேன்."

அம்மா குருத்தைத் தேடிப் பிடித்தார்கள். இழுத்தார்கள். களிமண்ணோடு கையில் வந்தது. முகர்ந்து பார்த்தார்கள். வர்த்தி பாதி எரிகிற வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எம் புள்ளையை ரெண்டாந்தரம் அனுப்பினது நீதான்."

"ஆமாங்க."

"நான் மறக்க மாட்டேன் பிச்சை."

"வேண்டாங்க. மறக்க வேண்டாம்."

எழுந்து போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அம்மா குருத்தை விரலால் மடிப்பு மடிப்பாகத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"இதை எங்க அறுத்தே?"

"எங்க ஊர்லங்க. புள்ளைங்களப் பொதைக்கிற மேட்டுல."

"அதானா," என்றார்கள்.

"என்னங்கம்மா?"

"ஒரு மாசமா என்னை ஆத்தாங்குது. ராணி மம்மின்னுதான் கூப்பிடுவா. திருச்சித் தண்ணி குடிச்சு இந்த ஊர்ப் பேச்சு வந்துடுச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன். குரலும் சின்னக் குரல். கம்பங்களி வேணுங்குது. நான் எங்க போறது கம்பங்களிக்கு, கிண்டத் தெரியுமா எனக்கு?"

மூலையிலிருந்து குளிர் வந்தது. அன்றைக்கு ஐஸ் வாங்கவில்லை, திருநாள் என்று பாய் டிப்போப் பக்கமே போகவில்லை.

எனக்கு என்ன வந்ததோ, வாய் தானாகக் கேட்டது. "வெல்லம் வச்சுக் கேட்டுச்சுங்களா? வெல்லம் இல்லாட்டித் தின்னாதுங்க அது."

அம்மாவின் முகம் என் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்.

"உன்னுதா?"

"நாலு வயசுங்க."

அவர்கள் குருத்தை என்னிடம் நீட்டினார்கள். "வச்சுடு. மரத்துலயே வச்சுடு."

சொருகினேன். "பக்கத்துல போய்க் கேளு," என்றார்கள். உரித்த மரத்தில் காதை வைத்தேன். ஓலையில் வைத்தேன். வெகுநேரம் வைத்தேன். சந்தில் ஒரு சைக்கிள் போயிற்று. கோயில் மணி அடித்தது. வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அம்மா மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினார்கள். கொஞ்சம் கஞ்சியும் குடித்தார்கள். "சின்னதா இருக்கு, தனியா விடக் கூடாது," என்றார்கள், யாரிடமோ நியாயம் சொல்வதுபோல. மறுநாள் கம்பு மாவோடு என் பெண்சாதியை அழைத்துவரச் சொன்னார்கள்.

அமிர்தத்திடம் ஒன்றும் விளக்காமல்தான் கூட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தேன். களி கிண்டினாள். தட்டை எடுத்துக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனாள், யாரோ வழி காட்டினதுபோல. உச்சிப்பொழுது முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. நடுநடுவே இருவருமே ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தார்கள்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் கேட்டேன். "ஏதாச்சும் கேட்டுச்சா?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மேட்டுக்குப் போனேன். அரிவாளை எந்தக் கன்றின் கழுத்திலும் வைக்க முடியவில்லை. வெறுங்கையோடு வந்தேன். சொருகியிருந்த குருத்து அந்தக் கார்த்திகை முழுக்க, மார்கழி முழுக்க வாடவில்லை. ஏன் என்று நான் ஆராயவில்லை. அமிர்தம் வெள்ளிக்கிழமைதோறும் களி கொண்டுபோனாள். அம்மா இன்னும் மூன்று வருஷம் இருந்தார்கள், என்னோடு வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் பேசினார்கள்.

தினமும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர்கள் உள்ளே போன பிறகு ஒரு தடவை காதை வைத்துப் பார்ப்பேன். அப்பனை அது கூப்பிடவே இல்லை.